பதறாத காரியம் சிதறாது: நடுவானில் பழுது என்றால் விமானி என்ன செய்கிறார்?



விமானப் பயணத்தைப் பற்றி எங்கள் தொலைக்காட்சிக் கருத்துமேடையில் அண்மையில் பேசினோம். மலிவு விலைப் பயணச்சீட்டு, பெட்டியின் எடை, சாப்பாடு என்று பேச்சு கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"ஏம்மா, நான் ஒண்ணு கேக்குறேன். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சென்னையிலேர்ந்து இங்க வர்றப்ப, ஏறின கொஞ்ச நேரத்துல விமானத்துல கோளாறுன்னு சொல்லிட்டாங்க. சரி, உடனே இறக்க வேண்டியதுதானே? ஒண்ணேகால் மணி நேரம் மேலேயே சுத்திக்கிட்டு இருந்தாங்க. கீழே விமான நிலையம் கண்ணுக்குத் தெரியுது, இறக்க மாட்டேங்குறாங்க. அன்னிக்கு என் உயிர் பாதி போயிடுச்சு. அதுக்கப்புறம் நான் விமானமே ஏறல. கும்பகோணத்துல எங்க அம்மாவுக்கு எண்பத்தஞ்சு வயசு. தொலைபேசியிலதான் பேசிக்கிட்டு இருக்கேன்."

அரங்கம் அமைதியாகிவிட்டது. விளம்பர இடைவேளைக்கு ஒன்றரை நிமிடமே இருந்தது. நானும் விருந்தினர்களும் ஏதோ சொல்லிச் சமாளித்தோமே தவிர, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நிகழ்ச்சிக்காகத் திரட்டிய தகவல்களையும், பிறகு தேடிப் படித்த விபத்து விசாரணை அறிக்கைகளையும் வைத்து அந்த அம்மாவுக்கான பதிலை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். நம்மில் பலருக்கும் இதே கேள்வி மனத்தில் இருக்கும்.

முதல் வேலை, விமானத்தை ஓட்டுவது

பழுது ஏற்பட்டதும் விமானி செய்யவேண்டிய முதல் வேலை என்ன? பழுது பார்ப்பது என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அது தவறு. விமானிகளுக்குப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே ஒரு வரிசை சொல்லித்தரப்படுகிறது. முதலில் விமானத்தை ஓட்டு. அடுத்து, எங்கே போகிறாய் என்று பார். அதன் பிறகு பேசு. இந்த வரிசை மாறக்கூடாது.

இந்த வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி நடந்த விபத்தைச் சொல்லலாம். நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம் தரையிறங்கச் சக்கரங்களை இறக்கியது. மூக்குப் பக்கச் சக்கரம் இறங்கியதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கவில்லையா, விளக்குதான் கெட்டுவிட்டதா? அதைக் கண்டுபிடிப்பதற்காக 2,000 அடி உயரத்தில் விமானத்தைத் தானியங்கிக் கருவியிடம் விட்டுவிட்டு, விமானி அறையில் இருந்த அனைவரும் அந்த விளக்கிலேயே மும்முரமாகிவிட்டார்கள். இடையில் தானியங்கிக் கருவியின் உயரப் பிடிப்பு தெரியாமல் விடுபட்டது. விமானம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இருட்டில் அது சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் உயிரிழந்தார்கள்.

சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. கெட்டுப்போயிருந்தது விளக்கு மட்டுமே என்று விசாரணையில் தெரியவந்தது.

பழுது சின்னதாகவே இருந்திருக்கிறது. அதையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் ஆபத்தாகிவிட்டது. அதனால்தான் இன்று ஒரு விமானி பழுதைக் கவனிக்கும்போது மற்றவர் விமானத்தை ஓட்டுவதை மட்டுமே பார்த்துக்கொள்வார். யார் ஓட்டுகிறார், யார் பழுதைப் பார்க்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொள்வார்கள்.

நம் வானத்தில் நடந்தது

இனி நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றுக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி காலை 10 மணிக்குச் சற்று முன்பு, குவாண்டாஸ் நிறுவனத்தின் கியூஎஃப் 32 விமானம் சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. உலகிலேயே மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380 ரகம் அது. பயணிகள் 440 பேர், விமானிகளும் சிப்பந்திகளும் 29 பேர், ஆக மொத்தம் 469 உயிர்கள்.

புறப்பட்டுச் சுமார் நான்கு நிமிடம். பாத்தாம் தீவுக்கு மேலே ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடிச் சத்தங்கள் கேட்டன. இடது இறக்கையின் உள்பக்க இயந்திரத்தில் சுழலும் வட்டு ஒன்று உடைந்து சிதறியது. அதன் துண்டுகள் இறக்கையைத் துளைத்து, மின்கம்பிகளையும் எரிபொருள் தொட்டிகளையும் சேதப்படுத்தின. உடைந்த பாகங்கள் பாத்தாமில் வீடுகள் இருக்கும் பகுதியில் விழுந்தன. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு 2013-இல் வெளியிட்ட அறிக்கை காரணத்தை விளக்கியது. இயந்திரத்துக்குள் எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சிறு குழாயைத் தயாரித்தபோது துளை சற்று மையம் விலகிப் போயிருந்தது. அதனால் குழாயின் சுவர் ஒரு பக்கம் மெலிந்து, நாளடைவில் விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து, உள்ளே தீப்பிடித்து, வட்டு உடைந்தது.

சரி, விமானி அறையில் என்ன நடந்தது? தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினியுடன் சேர்த்து அன்று அங்கே ஐந்து விமானிகள் இருந்தார்கள். எச்சரிக்கை மணிகள் ஒலிக்க, கண்காணிப்புத் திரையில் பழுதுச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. தலைமை விமானி முதலில் செய்தது, விமானம் மேலே ஏறுவதை நிறுத்திச் சமநிலையில் பறக்கவிட்டதுதான். அடுத்து, கட்டுப்பாட்டு நிலையத்துக்கு "பான்" என்ற அழைப்பு போனது. "மேடே" என்ற அழைப்பு நம்மில் பலருக்குத் தெரியும். உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அதன் பொருள். "பான்" அதற்கு ஒரு படி கீழே. அவசரம்தான், உதவி தேவை, ஆனால் விமானம் எங்கள் கையில் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

பிறகு அவர்கள் சாங்கிக்கு அருகே வானில் வட்டமிட ஆரம்பித்தார்கள். தரையிறங்கியபோது பழுது ஏற்பட்டு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த அம்மாவின் கேள்வி இங்கேதான் வருகிறது. அவ்வளவு நேரம் எதற்கு?

வட்டமடித்த நேரத்தில் செய்த வேலை

முதலாவது, கணக்கெடுப்பு. பழுதுச் செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. ஒருவர் படிப்பார், மற்றவர் செய்வார், இருவரும் உறுதி செய்வார்கள். அன்று இதற்கு மட்டும் சுமார் 50 நிமிடம் பிடித்தது. செய்திகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தபோது, டி கிரெஸ்பினி தம் சிந்தனையைத் திருப்பிப் போட்டதாகப் பின்னர் தம் நூலில் எழுதினார். எதெல்லாம் போய்விட்டது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எதெல்லாம் இன்னும் வேலை செய்கிறது, அதை வைத்து எப்படி இறங்குவது என்று யோசித்தாராம். விமானிக்கு மட்டுமா இந்தப் பாடம்? வேலை போனவர்களுக்கும், நோயில் படுத்தவர்களுக்கும்கூட இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது, எடை. நெடுந்தூரம் போகும் விமானம் தொட்டி நிறைய எரிபொருளோடு கிளம்பும். இறங்கும்போது அது கரைந்து எடை குறைந்திருக்கும். சக்கரமும் பிரேக்கும் அந்தக் குறைந்த எடைக்கு ஏற்பவே கணக்கிடப்பட்டவை. கிளம்பிய உடனே திரும்பினால் விமானம் பாரமாக இருக்கும். அதனால்தான் பல நேரங்களில் விமானம் வட்டமடித்து எரிபொருளைக் கரைக்கிறது. சில விமானங்களில் அதை வானிலேயே வெளியேற்றும் வசதியும் உண்டு. கியூஎஃப் 32-இல் அந்த வசதியும் சேதமடைந்துவிட்டது. ஏறத்தாழ 440 டன் எடையோடு, அதாவது வழக்கமான உச்ச வரம்பைவிடச் சுமார் 50 டன் கூடுதலாக அது இறங்கவேண்டியிருந்தது.

மூன்றாவது, ஓடுபாதை போதுமா என்ற கணக்கு. சாங்கியின் ஓடுபாதை 4,000 மீட்டர். பிரேக் முழு வலுவில் இல்லை. இறக்கைத் தடுப்புகளில் சில இயங்கவில்லை. கணினியில் எல்லாப் பழுதுகளையும் கொடுத்துப் பார்த்தார்கள், விடையே வரவில்லை. ஓடுபாதை ஈரமாக இல்லை என்பதால் ஈரத்துக்கான அம்சங்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டார்கள். நின்ற பிறகு 100 மீட்டர் மிச்சமிருக்கும் என்று விடை வந்தது. நான்கு கிலோமீட்டரில் நூறே மீட்டர்! இந்தக் கணக்கைப் போடாமல் அவசரப்பட்டு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சக்கரங்களைக்கூட வழக்கம்போல இறக்க முடியவில்லை. அவற்றின் சொந்த எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும் அவசர முறையைத்தான் பயன்படுத்தினார்கள். கடைசியில் விமானம் நின்றபோது ஓடுபாதையில் மிச்சமிருந்தது சுமார் 150 மீட்டர்.

பட்டியல் சொன்னாலும் யோசிக்கவேண்டும்

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. இரண்டு இறக்கைகளிலும் எரிபொருள் சமமாக இல்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுங்கள் என்ற ரீதியில் செய்திகள் வந்தன. குழாய்களும் தொட்டிகளும் சேதமடைந்திருக்கும்போது எரிபொருளை நகர்த்துவது சரியா என்ற சந்தேகம் விமானிகளுக்கு வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

அந்தச் சந்தேகத்தின் அருமை புரியவேண்டுமானால் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதிக்குப் போகவேண்டும். டொரோண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏர் டிரான்ஸாட் 236 விமானத்தில், அட்லாண்டிக் கடலுக்கு மேலே எரிபொருள் சமநிலை குறைவதாக எச்சரிக்கை வந்தது. விமானிகள் பட்டியலைப் புரட்டாமல், நினைவில் இருந்தபடியே ஒரு பக்கத்து எரிபொருளை மறு பக்கத்துக்குத் திறந்துவிட்டார்கள். மறு பக்கத்தில் கசிவு இருந்தது. கசிவு இருந்தால் இப்படிச் செய்யாதே என்ற எச்சரிக்கை அந்தப் பட்டியலிலேயே இருந்தது. நல்ல எரிபொருளும் கசிந்து போய், இரண்டு இயந்திரங்களும் நின்றுவிட்டன.

ஆனாலும் விமானம் கல்லைப் போல விழவில்லை. இயந்திரம் இல்லாமலே சுமார் 19 நிமிடம் வழுக்கிக்கொண்டே போய், அஸோர்ஸ் தீவுகளில் லாஜெஸ் தளத்தில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள். பயப்படுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் நின்றாலும் இறக்கை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இரண்டு இயந்திர விமானம் ஒன்றை இழந்தாலும், மற்றொன்றின் பலத்தில் மாற்று விமான நிலையத்தைச் சென்றடையும்படித்தான் வடிவமைக்கப்படுகிறது.

எப்போதும் வட்டமடிப்பதுதான் சரியா?

இல்லை. புகை, தீ என்றால் கணக்கே வேறு. 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி சுவிஸ்ஏர் 111 விமானத்தில் பரவிய தீ, சிறிது நேரத்திலேயே எல்லாவற்றையும் முடக்கியது. 229 பேர் இறந்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத புகை என்றால், கூடிய சீக்கிரம் இறங்கும் வழியைப் பார்ப்பதுதான் இன்றைய பாடம்.

வட்டமடிப்பதிலும் ஒரு கண் கடிகாரத்தின் மீது இருக்கவேண்டும். 1978 டிசம்பர் 28-ஆம் தேதி, அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைடெட் 173 விமானம் சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டு சுமார் ஒரு மணி நேரம் சுற்றியது. எரிபொருள் தீர்ந்துபோய் ஊருக்குள் விழுந்தது. விமானத்தில் இருந்த 189 பேரில் பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவது உடனிருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சொல்லவும் சொன்னார்கள். ஆனால் தலைமை விமானியின் காதில் ஏறுமளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வீட்டில் அது மரியாதை. விமானி அறையில் அது உயிரை வாங்கிவிடும். இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், இளையவரும் தயங்காமல் சொல்லவேண்டும், மூத்தவரும் காது கொடுக்கவேண்டும் என்பது ஒரு தனிப் பயிற்சியாகவே ஆனது. 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கில் உருப்பெற்ற இந்தச் சிந்தனை, இன்று உலகெங்கும் விமானிகளுக்குக் கட்டாயப் பாடம். கியூஎஃப் 32-இல் ஐந்து பேரும் அப்படித்தான் சேர்ந்து யோசித்தார்கள்.

தரையிறங்கிய பின்னும் ஏன் கதவைத் திறக்கவில்லை?

கியூஎஃப் 32 நின்ற பிறகும் ஆபத்து தீரவில்லை. இடது இறக்கையிலிருந்து எரிபொருள் கொட்டியது. பிரேக் கொதித்துக்கொண்டிருந்தது. இடப்பக்க வெளி இயந்திரத்தை அணைக்கவே முடியவில்லை, ஏனென்றால் கம்பிகள் அறுந்திருந்தன. தீயணைப்பு வீரர்கள் நீரும் நுரையும் பாய்ச்சி அதை நிறுத்தச் சுமார் மூன்று மணி நேரம் ஆனது. இந்த நிலையில் பயணிகளைச் சறுக்குப் பாதையில் இறக்கினால், எரிபொருள் தேங்கிய தரையில், ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். உள்ளே இருப்பதே பாதுகாப்பு என்று முடிவானது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து வலப்பக்கம் படிக்கட்டு வைத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

2016 ஜூன் 27-ஆம் தேதி, மிலானுக்குப் புறப்பட்டுத் திரும்பி வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ 368, சாங்கியில் இறங்கியதும் வலது இறக்கை தீப்பிடித்ததை நாம் செய்தியில் பார்த்தோம். தீயணைப்பு வீரர்கள் சில நிமிடங்களில் அணைத்தார்கள். 241 பேரும் பிறகு படிக்கட்டு வழியாகவே நலமாக இறங்கினார்கள். ஏன் உடனே வெளியேற்றவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். சறுக்குப் பாதையிலும் ஆபத்து உண்டு. ஏ380 விமானத்துக்கு 2006-இல் ஹாம்பர்கில் நடந்த சோதனையில் 873 பேர் 78 விநாடிகளில் வெளியேறினார்கள். வெறும் ஒத்திகைதான். அதிலேயே ஒருவருக்குக் கால் முறிந்தது, 32 பேருக்குச் சிறு காயம். வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் உண்மையான விமானத்தில் எப்படி இருக்கும்? எந்த ஆபத்து பெரியது என்று எடைபோட்டுத்தான் தலைமை விமானி முடிவெடுக்கிறார்.

அதே சமயம், வெளியேறுங்கள் என்று சொல்லிவிட்டால் ஒரு விநாடியும் தாமதிக்கக்கூடாது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி தோக்கியோவின் ஹானேடா விமான நிலையத்தில், மற்றொரு விமானத்தோடு மோதி எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். சிப்பந்திகளின் சொல்லைக் கேட்டு, கைப்பெட்டிகளை விட்டுவிட்டு வந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

நாம் செய்யவேண்டியவை

விமானி அறையில் நமக்கு வேலை இல்லை. இருக்கையில் உண்டு.

ஏறியதும் பாதுகாப்பு விளக்கத்தைக் கவனியுங்கள், நூறாவது தடவையாக இருந்தாலும். உங்கள் இருக்கையிலிருந்து அவசரக் கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாது, கை தடவித்தான் போகவேண்டியிருக்கும். உட்கார்ந்திருக்கும்வரை இருக்கை வாரைப் போட்டே இருங்கள். பிராணவாயு முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, அடுத்துப் பிள்ளைக்கு. வெளியேறச் சொன்னால் பெட்டியை மறந்துவிடுங்கள். வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால், இறக்கையில் கசிவோ புகையோ தெரிந்தால், கைப்பேசியில் படம் பிடிப்பதற்கு முன்னால் சிப்பந்தியிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு.

அம்மா, அன்று உங்கள் விமானத்தில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒண்ணேகால் மணி நேரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சும்மா இல்லை. எடையைக் குறைத்துக்கொண்டு, பட்டியலைப் படித்துக்கொண்டு, ஓடுபாதையை அளந்துகொண்டு, உங்களைப் பத்திரமாக இறக்க வழி பார்த்திருப்பார்கள். என்ன, அதை யாராவது ஒருவர் ஒலிபெருக்கியில் நாலு வார்த்தை, அதுவும் தமிழில், விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஐந்து வருடப் பயம் மிச்சமாகியிருக்கும். விமான நிறுவனங்கள் காதில் போட்டுக்கொள்ளவேண்டிய குறை அது.

பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அன்று அவர்கள் பதறவில்லை, அதனால்தான் நீங்கள் எங்கள் அரங்குக்கு வந்து கேள்வி கேட்டீர்கள். கும்பகோணத்தில் எண்பத்தைந்து வயதில் ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் அடுத்த கருத்துமேடையில் முதல் வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்.